கைச் சிட்டையும் கடைப் பேரேடும்: பாக்கெட் கம்ப்யூட்டரை லினக்ஸ் கம்ப்யூட்டருடன் இணைப்பது எப்படி?



ஆதம்பாக்கம் வட்டாரத்தில் மளிகை, எண்ணெய், அரிசி வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டாயிற்று. வீடுகளுக்குப் போகும் பையன் கையில் ஃபோன் கொடுத்தாயிற்று. அவன் வெளியே எழுதுவது கடைக் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். கடையில் மாற்றும் விலை அவன் கைக்குப் போக வேண்டும். இதற்கு என்ன வழி?" என்பதே அந்தக் கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. நம் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் பல, அடுத்த விண்டோஸை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் எந்திரத்தைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள், விலை கொடுக்கத் தேவையில்லாத லினக்ஸுக்கு மாறுகிறார்கள். சென்னை சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அந்த வகையைச் சேர்ந்ததே. அதில் தமிழிலேயே வேலை செய்யலாம்.

வழியைச் சொல்வதற்கு முன், என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பட்ட பாடு

ஒரு மாதத்தின் முதல் வாரம். பையன் பதினான்கு வீடுகளில் பாக்கி வசூல் செய்துவிட்டு இரவு எட்டரை மணிக்குக் கடைக்கு வந்தான். பணத்தை எண்ணி வைத்தேன். பிறகு ஃபோனைக் கம்பியில் மாட்டி, பாக்கிக் கணக்கு இருந்த ஃபைலை இழுத்துப் போட்டேன். "இதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றிவிடவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவசரத்தில் "ஆம்" என்று அழுத்தினேன். நான் இழுத்தது தலைகீழ். கடையில் இருந்த காலைக் கணக்கு, ஃபோனில் இருந்த மாலைக் கணக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பதினான்கு வீட்டு வரவும் ஒரு நொடியில் போயிற்று.

பணம் கல்லாவில் இருக்கிறது. யார் கொடுத்தது என்பது மட்டும் இல்லை. பையன் நினைவு வைத்துப் பதினொரு வீட்டைச் சொன்னான். மீதி மூன்றை நான் ஊகித்து எழுதினேன். ஊகம் ஒன்று தவறியது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்த பாக்கியையே மறுபடியும் கேட்டுவிட்டேன். அவர் உள்ளே போய்ச் சிறிய டைரி ஒன்றைக் கொண்டுவந்து, தேதியையும் பையன் போட்ட கையெழுத்தையும் காட்டினார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த மாதச் சாமான் பட்டியல் மட்டும் வரவில்லை.

நமக்கு நாணயமே முதல். அது ஒரு பொத்தானில் போகக்கூடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். குற்றம் கருவியின் மேல் இல்லை. "காப்பி செய்வது" வேறு, "ஒத்திசைவு" வேறு என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் குற்றம்.

ஒத்திசைவு என்றால் என்ன?

இது நம் முன்னோர்களுக்குத் தெரிந்த வேலைதான். பகலில் சிட்டையில் எழுதுவார்கள். இரவு கணக்குப்பிள்ளை அமர்ந்து சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பெயர் வாரியாக ஏற்றுவார். ஏற்றிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கோடு போடுவார். மறுநாள் கோடு போடாத வரிகளை மட்டும் பார்த்தால் போதும். ஒன்றும் விட்டுப் போகாது, ஒன்றும் இரண்டு முறை ஏறாது. அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒத்துப்போகச் செய்தால் அதற்குப் பெயர் ஒத்திசைவு.

காப்பி செய்வது அப்படியல்ல. ஒரு நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அதன் இடத்தில் இன்னொரு நோட்டை வைப்பது போன்றது. எது புதியது, எதில் என்ன வரி இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

முதலில் வந்த கைக் கம்ப்யூட்டர்கள்

சட்டைப் பையில் அடங்கும் கம்ப்யூட்டரை மேசைக் கம்ப்யூட்டருடன் ஒத்திசைக்கும் வேலையைச் சாதாரண மனிதனுக்கும் எளிதாக்கியது பாம் பைலட். 1996 மார்ச் மாதம் அமெரிக்காவில் பைலட் 1000, பைலட் 5000 என்ற இரண்டு வகைகள் விற்பனைக்கு வந்தன. நினைவகம் முறையே 128 கிலோபைட், 512 கிலோபைட். இரண்டு சிறிய பேட்டரிகளில் ஓடும். ஒரு தொட்டில் போன்ற தாங்கியில் வைத்து, அதிலுள்ள ஒரே பொத்தானை அழுத்தினால் முகவரி, நாட்குறிப்பு, குறிப்புகள் எல்லாம் இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

உள்ளே நடந்தது நம் கணக்குப்பிள்ளையின் முறையே. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. திருத்தினால் அதன் மேல் ஓர் அடையாளம் விழும். கடந்த முறை இணைத்த அதே கம்ப்யூட்டராக இருந்தால் அடையாளம் உள்ளவற்றை மட்டும் பார்க்கும். வேறு கம்ப்யூட்டராக இருந்தால் எல்லாப் பதிவுகளையும் ஒப்பிடும். ஒரே பதிவை இரண்டு பக்கமும் வேறு வேறாகத் திருத்தியிருந்தால், எதையும் அழிக்காமல் இரண்டையும் தனித்தனியாக வைத்துவிடும். எது சரி என்பதை முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நிறுவனம் விண்டோஸுக்கும் மேக்கின்டோஷுக்கும் மட்டுமே மென்பொருள் கொடுத்தது. லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்காகத் தன்னார்வலர்கள் பைலட்-லிங்க், ஜே-பைலட் போன்ற மென்பொருள்களைத் தாங்களே எழுதினார்கள். அவற்றை இயக்கியவர்கள் பட்ட சிரமங்கள் மூன்று. ஒன்று, கம்பி நுழையும் துளையைப் பயன்படுத்தச் சாதாரணப் பயனாளருக்கு லினக்ஸ் அனுமதி கொடுத்திருக்காது. இரண்டு, பின்னால் வந்த யுஎஸ்பி வகைகளில், கருவியின் பொத்தானை அழுத்திய பிறகுதான் அது கம்ப்யூட்டரின் கண்ணில் படும். முதலில் மென்பொருளை ஓடவிட்டால் "கருவி இல்லை" என்று வரும். மூன்று, கருவிக்கு இரண்டு வாசல் எண்கள் தோன்றும்; தவறான எண்ணைக் கொடுத்தால் பதிலே வராது. இந்த மூன்றும் இன்றும் வேறு உருவத்தில் வருகின்றன என்பதைக் கீழே காணலாம்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து, லினக்ஸிலேயே ஓடும் சிம்ப்யூட்டர் என்ற கைக் கம்ப்யூட்டரை 2001-இல் அறிமுகம் செய்தார்கள். ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ள, ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்மார்ட் கார்டு என்பது அதன் சிறப்பு. 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது. எதிர்பார்த்தபடி பரவவில்லை. செல்ஃபோன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனின் அடித்தளமும் லினக்ஸ்தான். ஆகவே இப்போது நாம் செய்வது, ஒரு லினக்ஸை இன்னொரு லினக்ஸுடன் பேச வைப்பதே.

முதல் வழி: கம்பி

அவசரத்துக்கு இதுவே போதும். ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

1. கம்பியைப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கம்பிகள் உண்டு; அவற்றில் தகவல் போகாது. ரிச்சி தெருவில் வாங்கினாலும் பக்கத்துக் கடையில் வாங்கினாலும் "டேட்டா கேபிள்" என்று கேட்டு, கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

2. ஃபோனின் பூட்டைத் திறந்து வைத்து மாட்டுங்கள். பூட்டியிருந்தால் கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது எதுவும் தெரியாது.

3. ஃபோனின் மேல் பட்டையை இறக்கினால் "சார்ஜ் மட்டும்" என்று இருக்கும். அதைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதாக மாற்ற வேண்டும். பழைய பாம் கருவியின் பொத்தானுக்கு இன்றைய வடிவம் இது.

4. லினக்ஸின் ஃபைல் பார்க்கும் சாளரத்தில் ஃபோனின் பெயர் தோன்றும். உள்ளே சென்று வேண்டியதைக் கடைக் கம்ப்யூட்டருக்கு எடுங்கள். ஃபோனுக்குள் இருக்கும்போதே ஃபைலைத் திறந்து திருத்தாதீர்கள். முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

5. "மாற்றிவிடவா?" என்று கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். நான் கெட்டது அங்கேதான்.

இரண்டாவது வழி: கேடிஇ கனெக்ட்

ஒன்றிரண்டு ஃபைல்களைக் கம்பியில்லாமல் அனுப்ப இது வசதி. லினக்ஸ் மென்பொருள் பட்டியலிலிருந்து கேடிஇ கனெக்டைப் போட்டுக்கொண்டு, ஃபோனிலும் அதே பெயருள்ள செயலியைப் போட வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். இணைக்கச் சம்மதம் கேட்கும். இரண்டு பக்கமும் சம்மதம் கொடுத்தால் முடிந்தது.

கண்டுகொள்ளாவிட்டால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஃபோன் விருந்தினர் வைஃபையில் இருந்தால் கடைக் கம்ப்யூட்டரை எட்டாது. லினக்ஸில் ஃபயர்வால் போட்டிருந்தால் 1714 முதல் 1764 வரையிலான வாசல்களைத் திறக்க வேண்டும்.

இதுவும் அனுப்பும் வேலையைத்தான் செய்கிறது. கணக்கை ஒத்துப் பார்ப்பதில்லை.

மூன்றாவது வழி: சிங்க்திங்

தினமும் வசூலுக்கு ஆள் அனுப்பும் கடைக்கு இதுவே ஏற்றது. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரையும் ஃபோனில் ஒரு ஃபோல்டரையும் ஒன்றாக வைத்திருப்பது இதன் வேலை. நடுவில் எந்தக் கம்பெனியின் சேமிப்பிலும் நம் கணக்கு போய் உட்காராது. கடை வைஃபைக்குள் இருந்தால் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

பாஸ், உபுண்டு, மின்ட் முதலியவற்றின் மென்பொருள் பட்டியலிலேயே சிங்க்திங் கிடைக்கிறது. ஃபோனுக்கென்று அவர்களே கொடுத்துவந்த செயலி 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதிலிருந்து கிளைத்த சிங்க்திங்-ஃபோர்க்கைத் தன்னார்வலர்கள் தொடர்கிறார்கள். கம்ப்யூட்டரில் தோன்றும் கட்டப் படத்தை ஃபோன் கேமராவால் படித்தால் இரண்டும் அறிமுகமாகும். ஃபோன் தன் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. அமைப்புகளில் இந்தச் செயலிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம்.

ஒரு நோட்டுக்கு ஒரு பேனா

ஒரே நோட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதினால் சண்டை வரும். நீங்கள் கடையில் ஒரு வரியைத் திருத்துகிறீர்கள். அதே நேரத்தில் பையன் தெருவில் அதே ஃபைலில் எழுதுகிறான். பாம் கருவி வரி வரியாகப் பார்த்தது. சிங்க்திங் ஃபைல் ஃபைலாகத்தான் பார்க்கும். மோதல் வந்தால், திருத்திய நேரம் பழையதாக இருக்கும் ஃபைலுக்கு "மோதல்" என்று பொருள்படும் வேறு பெயரைச் சூட்டி ஓரமாக வைத்துவிடும். அழிந்துபோகாது என்பது நல்ல செய்தி. ஆனால் யாராவது அதைப் பார்த்துக் கணக்கில் சேர்த்தாலொழியப் பேரேட்டில் ஏறாது.

இதற்கு நல்ல மருந்து, மோதலே வராமல் செய்வது. இரண்டு ஃபோல்டர் வையுங்கள்.

முதல் ஃபோல்டரின் பெயர் "வசூல்". இதில் எழுதுவது ஃபோன் மட்டுமே. ஃபோனில் "அனுப்ப மட்டும்" என்றும் கம்ப்யூட்டரில் "பெற மட்டும்" என்றும் அமையுங்கள்.

இரண்டாவது ஃபோல்டரின் பெயர் "விலையும் பாக்கியும்". இதில் எழுதுவது கடை மட்டுமே. கம்ப்யூட்டரில் "அனுப்ப மட்டும்", ஃபோனில் "பெற மட்டும்".

பழைய பாஷையில் சொன்னால், சிட்டை பையனுடையது, பேரேடு உங்களுடையது. பையன் பேரேட்டைப் பார்க்கலாம், எழுதக் கூடாது. நீங்கள் சிட்டையைப் பார்க்கலாம், திருத்தக் கூடாது. சிட்டையில் தவறு இருந்தால் அதை அடிக்காமல், மறுநாள் சிட்டையில் திருத்த வரி ஒன்று எழுதச் சொல்லுங்கள். எந்தக் கணக்குப்பிள்ளையும் இதைத்தான் சொல்வார்.

இன்னொன்று: ஒரு நாளைக்கு ஒரு ஃபைல். மாதம் முழுவதையும் ஒரே ஃபைலில் போட்டால், ஒரு நாள் கெட்டால் மாதமே கெடும். ஃபைலின் பெயரில் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்களைப் போட்டால் தானாக வரிசையில் நிற்கும்.

ஒத்திசைவு காப்பு அல்ல

இதை நண்பர்கள் அழுத்தமாக நினைவில் வைக்க வேண்டும். ஃபோனில் ஃபைலை அழித்தால், ஒத்திசைவு அந்த அழிவையும் ஒழுங்காகக் கடைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே கடைக் கம்ப்யூட்டரில், "வசூல்" ஃபோல்டருக்குப் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். வெளியிலிருந்து வரும் மாற்றமோ அழிப்போ நடக்கும் முன், பழைய ஃபைல் தனி இடத்தில் ஒதுக்கப்படும்.

அதற்கு மேலும் வாரம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. கடைக்குள் தண்ணீர் வந்தால் காகித நோட்டும் ஊறும், தரையில் வைத்த கம்ப்யூட்டரும் ஊறும். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் கணக்குகளை, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். "தண்ணீரில் போயிற்று" என்பது நமக்கு உதவாது.

சின்னச் சின்ன வில்லங்கங்கள்

கடிகாரம்: பழைய கம்ப்யூட்டருக்குள் நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கும்; சிஆர் 2032 என்று கேட்டால் கொடுப்பார்கள். அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் போய் வரும்போது தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். எது புதியது, எது பழையது என்று நேரத்தை வைத்து முடிவு செய்யும் இடத்தில் இது பெரிய குழப்பத்தைத் தரும். காலையில் கடை திறந்ததும் தேதியைப் பார்க்கும் பழக்கம் நல்லது.

தமிழ் எழுத்து: லிப்ரே ஆஃபீஸில் சிட்டை ஃபைலைத் திறக்கும்போது எழுத்து வகை கேட்கும். "யுனிகோட் யுடிஎஃப்-8" என்று கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் துவரம் பருப்பு புரியாத கிறுக்கலாக வரும். பழைய தனி எழுத்துருக்களில் அடித்த பட்டியலை அப்படியே ஃபோனுக்கு அனுப்பினாலும் இதே கதிதான். யுனிகோடுக்கு மாற்றிய பிறகு அனுப்ப வேண்டும்.

தேதியும் எண்ணும்: 03-04 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்க வழக்கில் மார்ச் நான்கு. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், அல்லது ஆண்டை முதலில் போடுங்கள். 007 என்ற வீட்டு எண்ணைக் கம்ப்யூட்டர் வெறும் 7 ஆக்கிவிடும். அந்தப் பத்தியை "எழுத்து" என்று அமைத்தால் அப்படியே நிற்கும்.

டாலி: டாலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது. அதை நம்பி நடக்கும் கடைகள் அந்தக் கம்ப்யூட்டரை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பாக்கிக் கணக்கையும் ஆர்டரையும் மட்டும் லினக்ஸில் வைத்துப் பார்த்து, பழகிய பிறகு முடிவு செய்யலாம்.

பூட்டு: பையன் கையில் இருக்கும் ஃபோனில் வாடிக்கையாளர்களின் பெயர், எண், பாக்கி எல்லாம் இருக்கின்றன. ஃபோன் தொலைந்தால் தெருவில் நம் வாடிக்கையாளர் மானம் போகும். திரைக்குப் பூட்டுப் போடாமல் ஃபோனைக் கொடுக்காதீர்கள். பாக்கிப் பட்டியலில் அன்று போகும் தெருவை மட்டும் அனுப்பினால் போதும்.

தினசரி நடைமுறை

காலை: தேதி சரியா என்று பார்க்கவும். விலையும் பாக்கியும் புதுப்பித்து, ஃபோனில் வந்துவிட்டதா என்று பையனிடம் கேட்கவும். கோயம்பேட்டிலிருந்து சரக்கு வந்து விலை மாறும் நாளில் இது தவறக் கூடாது.

வெளியே: பணம் வாங்கிய உடனே எழுத வேண்டும். தெரு முடிந்ததும் மொத்தமாக எழுதும் வழக்கம் வேண்டாம். வீட்டாரின் டைரியிலோ துண்டுச் சீட்டிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இரவு: கடைக்குள் வந்து வைஃபை பிடித்ததும் "வசூல்" ஏறும். இரண்டு திரையிலும் "ஒத்துப் போயிற்று" என்று காட்டும் வரை காத்திருக்கவும். பிறகு பையில் உள்ள பணத்தையும், ஃபோனுக்கு வந்த யுபிஐ தொகையையும் கூட்டி, சிட்டையின் மொத்தத்தோடு ஒப்பிடவும். ஒத்தால் பேரேட்டில் ஏற்றவும். ஒக்காவிட்டால் பையனை அனுப்பாமல் அப்போதே பார்த்துவிடவும். மறுநாள் அவனுக்கும் நினைவிருக்காது, நமக்கும் இருக்காது.

இந்தக் கடைசிப் படியைக் கம்ப்யூட்டர் நமக்காகச் செய்யாது. ஃபைல் ஒத்துப் போயிற்றா என்பது அதற்குத் தெரியும். பணம் ஒத்துப் போயிற்றா என்பது எண்ணிப் பார்க்கும் கைக்குத்தான் தெரியும்.

முதலில் இரண்டு வாரம் காகித நோட்டையும் கூடவே எழுதி வாருங்கள். இரண்டும் தினமும் ஒத்துவந்தால், புதுக் கணக்கு போடும் நாளில் முழுதாக மாறிக்கொள்ளலாம். என் கடையில் இன்றும் துண்டுச் சீட்டு எழுதும் பழக்கத்தை விடவில்லை. அந்த ஆசிரியரின் டைரி கற்றுக் கொடுத்த பாடம் அது: நம் கணக்குத் தவறினாலும் வாடிக்கையாளர் கையில் ஒரு சாட்சி இருக்க வேண்டும்.